காலியாக வந்த டப்பா

என் அக்கா தங்கமானவள் என்று சொல்பவர்கள் யாரும் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை. நான் குடியிருக்கிறேன். பதினோரு வருடமாக, ஐந்தாவது மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிர் வீட்டில். முன்னறையில் என் தையல் மிஷின் இருக்கிறது. சமையலறை அவளுடைய ராஜ்ஜியம். குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனால்கூட வாசலிலேயே மறித்து, "என்ன வேணும்?" என்று கேட்டு அவளே எடுத்துக் கொடுப்பாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தால் அடுப்பு கெட்டுப்போய்விடும் என்று அவளுக்கு எண்ணம்.

அவள் பெயர் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. கேன்டீன் அக்கா என்றால்தான் தெரியும். இருபத்தேழு வருடம் ஒரு டயர் தொழிற்சாலையின் கேன்டீனில் வேலை பார்த்தாள். பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, கரண்டி பிடித்து, கடைசி ஒன்பது வருடம் சமையலறைக்கே பொறுப்பாக இருந்தாள். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பேர். அந்த நானூறு பேரும் தன் கைச் சமையலைச் சாப்பிடத்தான் டயர் செய்ய வந்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறாள். தொழிற்சாலையைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது என்பதை நான் எத்தனையோ தடவை ஞாபகப்படுத்தியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த இருபத்தேழு வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. சாப்பாடு எப்படி இருந்தது என்று ஆளைக் கேட்கக் கூடாது, பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். காலியாக வந்தால் நன்றாக இருந்தது. மிச்சம் வந்தால் நன்றாக இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வோர் அண்டாவுக்குள்ளும் தலையை விட்டுப் பார்ப்பாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டுமே! மனுஷர்கள் பொய் சொல்வார்களாம், பாத்திரம் சொல்லாதாம். இதை என்னிடம் மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

ஓய்வு பெற்று வந்தவள் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு பேருக்குச் சமைக்க அவளுக்குத் தெரியவில்லை. இருபது பேருக்குச் சமைத்துவிட்டு, நான் திங்கட்கிழமை சாப்பிட்டதையே வியாழக்கிழமை வரைக்கும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கீழே கைக்குழந்தையோடு போகிற ஒருத்தியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திடீரென்று அறிவித்தாள்.

"கைக்குழந்தை வெச்சிருக்கிற வீட்டுல சமைக்க ஏதுடி நேரம்? இனிமே மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலேருந்து போகும்."

எண்ணம் நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. அவளுடைய எண்ணங்கள் எல்லாமே நல்லவைதான், கையில் எடுத்த பிறகுதான் கெட்டுப்போகும்.

கட்டடத்தில் சின்னக் குழந்தைகள் இருந்த வீடு நான்கு. இரண்டாம் வாரத்துக்குள் மூன்று வீடுகள் தப்பித்துவிட்டன. ஒரு வீட்டில் டாக்டர் பத்தியம் சொல்லியிருக்கிறார் என்றார்கள். ஒரு வீட்டில் மாமியார் வந்திருப்பதாகச் சொன்னார்கள், அந்த மாமியாரை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொரு வீட்டில் மணி அடித்தால் டிவியை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டது மூன்றாம் மாடி நர்ஸ் மட்டும்தான்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பில் இருந்தாள். புருஷன் சரக்குக் கப்பலில் வேலை. போனால் ஏழு மாதம் வர மாட்டான். மடியில் நாலு மாதக் குழந்தை. காலைச் சுற்றி மூன்றரை வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணைக் கட்டடமே வாலு என்றுதான் கூப்பிடும். லிஃப்டில் ஏறினால் எல்லாப் பொத்தானையும் அழுத்துவாள், எங்கள் வீட்டுக்குள் வந்தால் என் ஊசிப் பெட்டியைத்தான் தேடுவாள். அக்காவை அவள் கேன்டீன் என்று கூப்பிடுவாள். அக்காகூட இல்லை, வெறும் கேன்டீன்.

ஆக, நான்கு வீட்டுக்கும் போக வேண்டிய அன்பு முழுவதும் அந்த ஒரு வீட்டின் மேல் கொட்டியது. தினமும் பன்னிரண்டு மணிக்கு நான் தைத்துக் கொடுத்த பையில் நாலு எவர்சில்வர் டப்பாவை அடுக்கிக்கொண்டு இறங்கிப் போவாள். மணியை அடிப்பாள். கதவு திறந்ததும் நேரே உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்துகொள்வாள். நர்ஸ் பொம்மைகளை ஒதுக்கி இடம் பண்ண வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், குழந்தையைக் காட்ட வேண்டும், குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அக்காவிடம் பாடம் கேட்க வேண்டும். ஆயிரம் குழந்தைகளைக் கையில் வாங்கிய நர்ஸுக்கு, டயர் தொழிலாளிகளைத் தவிர யாரையும் கண்டறியாதவள் பாடம் நடத்தினாள். பிறகு நாலு மணிக்கு மறுபடியும் போய் மணியை அடித்து, கழுவி வைத்த டப்பாக்களை வாங்கி வருவாள்.

டப்பாவில் என்ன போகும்? எலும்போடு கோழி. முள்ளோடு மீன். சோற்றின் மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டிய காரமான ஏதோ ஒன்று. ஆறு மணி நேரம் உலைச் சூட்டில் நின்றவன் நாக்குக்கு எப்படிப் போட்டாளோ அப்படியே உப்பும் மிளகாயும். "மூணு வயசுக் குழந்தை சாப்பிடுமா இதை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எல்லாம் பழகிக்கும்" என்றாள். "டப்பா காலியாத்தானே வருது?"

டப்பா காலியாகத்தான் வந்தது. பளபளவென்று வந்தது. தினமும் நாலு மணிக்கு என் மிஷின் மேல் கவிழ்த்துக் காட்டுவாள்.

"பாரு, ஒரு பருக்கை இல்ல!"

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நூல் பார்சல் வாங்கக் கீழே போனேன். வாட்ச்மேன் தன் கூண்டுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வாசனையை நான் பதினோரு வருடமாக முகர்ந்துகொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? என்னைப் பார்த்ததும் அவன் வாயில் இருந்த கோழிக்கால் அப்படியே நின்றது.

"நர்ஸம்மாதான் குடுத்தாங்க" என்று அசடு வழிந்தான். "தினமும் குடுக்குறாங்க. கேன்டீன் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பாவம், மனசு கஷ்டப்படுவாங்க."

நான் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் லிஃப்டில் மேலே வரும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாலு மணிக்காகக் காத்திருந்தேன். அவள் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவாள். "ஆமாமா, நக்கித் தின்னிருக்காங்க போல" என்று நான் ஏற்றிவிடுவேன். அவளுக்குத் தலைகால் புரியாது. பதினோரு வருடம் என்னை அடுப்பங்கரையில் கால் வைக்கவிடாதவளை ஒரு வாட்ச்மேன் முட்டாளாக்கிக்கொண்டிருந்தான். எனக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த மாதக் கடைசியில் வாட்ச்மேன் தன் யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்தான். பொத்தான் போட முடியவில்லையாம். அளவெடுத்தேன். பக்கத் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் விட்டுக் கொடுத்தேன். அதே வாரம் நர்ஸ் தன் யூனிஃபார்ம் இரண்டையும் கொண்டுவந்தாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுங்கக்கா. தொளதொளன்னு தொங்குது."

அளவெடுத்தேன். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு அங்குலம் பிடித்தேன். பால் கொடுக்கிற உடம்பு. உண்டாவதற்கு முன்னால் நானே தைத்துக் கொடுத்த சட்டை. அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் சட்டையும் அவள் சட்டையும் ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அளவு நாடா என் கழுத்திலேயே இருந்தது. எனக்கு அப்போதும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வெளியே லிஃப்ட் கதவு திறந்து மூடி, திறந்து மூடிச் சத்தம் போட்டது. வாலுதான் விளையாடுகிறாள், காதைத் திருகுவோம் என்று போய்க் கதவைத் திறந்தேன். நர்ஸ் லிஃப்டின் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மடியில் குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், அது தூங்கிக்கொண்டிருந்தது. வாலு பொத்தான் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அம்மா உக்காந்துட்டா. எழுந்துக்க மாட்டேங்கிறா" என்றாள்.

தடுப்பூசி போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். லிஃப்ட் கிளம்பியதும் நர்ஸுக்குக் கண் இருட்டியிருக்கிறது. குழந்தை கீழே விழுந்துவிடக் கூடாது என்று அவளே மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாலு வழக்கம்போல எல்லாப் பொத்தானையும் அழுத்தியதில் லிஃப்ட் ஐந்தாம் மாடி வரைக்கும் வந்துவிட்டது. நானும் அக்காவும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, பெஞ்சில் கிடந்த துணிகளைத் தள்ளிவிட்டுப் படுக்க வைத்தோம். அக்கா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். நர்ஸ் கீழே கேட்டில் விட்டுவிட்டு வந்த பையைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றான்.

"எப்பம்மா சாப்பிட்ட?" என்று கேட்டாள் அக்கா.

நர்ஸ் கண்ணைத் திறக்காமல் யோசித்தாள். "நேத்து காலையில. ரெண்டு பிஸ்கட்."

"நேத்து மத்தியானம் டப்பா காலியா வந்துச்சே!"

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். வாட்ச்மேன் முகத்தில் ஈயாடவில்லை. நான் பிரித்துவிட்ட சட்டையை உப்பிய வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டான். அந்த நேரத்தில் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டானே!

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றான்.

நர்ஸ் அழ ஆரம்பித்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நான் சாப்பிடத்தான் நெனச்சேன். சோத்தப் பெசஞ்சு ஒரு வாய் வெக்கிறதுக்குள்ள இவன் அழுவான். அந்தக் கையோட தூக்க முடியுமா? போய்க் கழுவிட்டு வந்து தூக்கினா, அதுக்குள்ள இவ தட்டக் கவுத்துடுவா. முள்ளு எடுக்க எனக்கு ஏதுக்கா கை? இவளுக்கு ஊட்டினா காரம்னு கத்துறா. நாலு மணிக்கு நீங்க வந்து பெல் அடிச்சா தூங்குறதும் எழுந்துக்கும். அதுக்குள்ள டப்பா கழுவி வெக்கணும். தெனமும் பயமா இருக்கும். அதான் நீங்க போனதுமே கீழ குடுத்துட்டு, கழுவிக் கவுத்து வெச்சிடுவேன்."

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவ்ளோ ஆசையா கொண்டு வர்றீங்க. எப்படிக்கா சொல்றது?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டான்.

"தெரியும்."

"எத்தன நாளா?"

"அஞ்சு வாரமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். அவள் ஆணியில் தொங்கிய நர்ஸ் சட்டையை எடுத்து, நான் பிடித்த தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் படிக்காதவ. டப்பாவைத்தான் பார்த்தேன். நீ இவ உடம்பையே அளந்தியேடி" என்றாள்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஐந்து வாரம் நான் அவளை முட்டாள் என்று சிரித்தேன். அவளாவது தெரியாமல் செய்தாள். நான் தெரிந்துகொண்டே பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

இரண்டு நாள் அக்கா பெரிதாக எதுவும் சமைக்கவில்லை. வேளைக்குக் கஞ்சி வைத்து, தானே போய் நர்ஸின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு வந்தாள். பேசாமல் நின்றாள் என்பதை நான் நம்பவில்லை, நர்ஸே சொன்ன பிறகுதான் நம்பினேன். ஆனால் நர்ஸ் வேலைக்குப் போவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் அந்த உடம்பு தேற வேண்டும். மூன்று வேளையும் ஐந்தாம் மாடிக்காரி போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது.

மூன்றாம் நாள் காலை அவள் ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்து, என் பழைய துப்பட்டாவால் தன் இடது கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முன்னால் தன்னுடைய வழக்கமான சாப்பாட்டைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ கொழந்த" என்றாள். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ கத்து."

"என்னது?"

"கத்துடி. நீ கத்தினா நான் கையக் கழுவிட்டு வந்து மூட்டைய ஆட்டணும். அப்பறம்தான் சாப்பிடணும்."

என் வாழ்நாளில் அவளைப் பார்த்துக் கத்த அனுமதி கிடைத்த ஒரே நாள் அது. சந்தர்ப்பத்தை நான் வீணாக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அறுபது வயதுப் பெண் பிள்ளை அரிசி மூட்டையைத் தாலாட்டுவதையும் அவள் தங்கை வாயைப் பிளந்துகொண்டு வீறிடுவதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு தடவை கத்தி முடித்தபோது சோறு விறைத்துப் போயிருந்தது. மீனின் பாதி முள் அவள் புடவையில் இருந்தது.

"எத்தன வாய் சாப்பிட்டேன்?"

"நாலு."

"நானூறு பேருக்குப் போட்டவ" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் நடந்ததைச் சமையல் என்று சொல்ல முடியாது. வேக வைத்த உருளைக்கிழங்கு, துருவிய கேரட், ஒரு பிடி வெந்த பருப்பு, ஒரு முட்டை. பிசைந்து, உள்ளங்கை அளவு தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டாள். முதலில் வாலுவுக்கு உப்பு மட்டும் போட்டுச் சின்னதாக எடுத்து வைத்தாள், பிறகு மிச்சத்தில் மிளகாயைப் போட்டாள். கையில் ஒட்டினால் குப்பைக்கு. கீழே வைத்துவிட்டு அரை மணி கழித்து எடுக்கும்போது உடைந்தால் குப்பைக்கு. ஆறிய பிறகு வாயில் வைக்க முடியாதென்றால் அதுவும் குப்பைக்கு. சோற்றையும் பருப்பையும் குழைய வேக வைத்து, இரண்டு வாய் அளவுக்கு அழுத்தி உருட்டினாள். கனிந்த வாழைப்பழத்தை மசித்து மாவில் கலந்து குட்டி குட்டியாகச் சுட்டாள். எலும்பு, முள், சாறு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றையும் அரிசி மூட்டையோடு உட்கார்ந்து தின்று பார்த்தாள். நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

எவர்சில்வர் டப்பா பரணுக்குப் போனது. காலியான ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, மேலே 'திருப்பித் தர வேண்டாம்' என்று என்னை எழுதச் சொன்னாள். மணி அடிக்கக் கூடாது என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள். பதினொன்றரைக்குக் கதவுப் பிடியில் பையை மாட்டிவிட்டு, பூனை மாதிரி திரும்பி வந்துவிடுவாள்.

அதற்குப் பிறகுதான் அவளைச் சனி பிடித்தது. டப்பா திரும்பி வராதே! சாப்பிட்டார்களா இல்லையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? நர்ஸைக் கேட்டால் "நல்லா இருந்துச்சுக்கா" என்பாள். அதைத்தான் முன்பும் தினம் தினம் சொன்னாள். நாலு மணி ஆனால் அக்காவுக்குக் கை பரபரக்கும். மாடிப்படியில் இரண்டு தடவை பாதி வரை இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். தினமும் மத்தியானம் வாட்ச்மேன் கூண்டுக்குப் போய் மோப்பம் பிடித்தாள். "சத்தியமா எனக்குத் தரலம்மா" என்று அவன் தலையிலடித்துச் சொன்னான். அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

"அவன் இடுப்ப ஒரு தடவ அளந்து பாரேன்" என்றாள் என்னிடம். நான் அளந்தேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அரை அங்குலம் குறைந்திருந்தது. அரை அங்குலம் போதாது என்றாள். நர்ஸை அளக்கச் சொல்வாளோ என்று பார்த்தேன், சொல்லவில்லை. நானாகவும் நாடாவை எடுக்கவில்லை. இளைத்திருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் பயம்.

ஒன்பதாம் நாள். பன்னிரண்டே கால். யாரோ எங்கள் கதவைக் காலால் உதைத்தார்கள். அக்கா போய்த் திறந்தாள். வாலு நின்றிருந்தாள், தனியாக. முகம் முழுக்கக் கண்ணீர், கன்னத்தில் கேரட். கையில் ஐஸ்கிரீம் டப்பா.

"கேன்டீன்!" என்று வீறிட்டாள். "அம்மா என்னோடதையும் தின்னுட்டா!"

"என்னடி கண்ணு?"

"எல்லாத்தையும் தின்னுட்டா! ஒண்ணுகூட வெக்கல!"

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. நர்ஸ் குழந்தையை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் எங்களைப் பார்த்ததும் பேச முடியாமல் நின்றாள். வாய் நிறைய இருந்தது. அவசரமாக மென்று விழுங்கினாள்.

"சாரிக்கா. இவன் பால் குடிச்சிட்டிருந்தான், நான் பாட்டுக்கு எடுத்து எடுத்து... இவ பங்குன்னு கவனிக்கவே இல்ல. திரும்பிப் பாத்தா காலி."

அக்கா டப்பாவை வாங்கித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கழுவாத டப்பா. மூலையில் பொடிந்த துணுக்கும், சுவர் முழுக்க எண்ணெய் விரல் தடமுமாக இருந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். தலையை வெளியே எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மரம் மாதிரி நிக்கிறியே, கொழந்த பசியில அழுறது கண்ணுக்குத் தெரியல?" என்று என் மேல் பாய்ந்தாள். "போய் அடுப்பப் பத்த வை."